தோள் இல்லாத ஜாடியும் இரவே அடுக்கிவைக்கும் தயிரும்

தயிரைப் பழத்தோடும் தானியத்தோடும் அடுக்கி, முந்தைய இரவே குளிர்பெட்டியில் வைத்து, காலையில் பையில் போட்டுக்கொண்டு கிளம்ப ஜாடி தேடுகிறவர்கள், விலையைக் கேட்பதற்கு முன் அதன் தோளைப் பாருங்கள். வாய் குறுகி, கழுத்துக்குக் கீழே புடைத்து அகலும் ஜாடி எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த வேலைக்கு வேண்டாம். வாயும் அடியும் ஏறக்குறைய ஒரே அகலம், நேராக இறங்கும் சுவர், அரை லிட்டர் கொள்ளளவு, ஒற்றைத் துண்டுத் திருகு மூடி, மூடிக்குள் கழற்றி மாட்டக்கூடிய சிலிகோன் வளையம். இவை எல்லாம் சேர்ந்த கண்ணாடி ஜாடியைத்தான் நான் பரிந்துரைப்பேன். பாரிமுனைப் பக்கம் ஒரு மொத்தக் கடையில் அப்படிப்பட்ட ஆறு ஜாடிகள் வாங்கி, ஒரு முழுக் கோடையையும் அதை அடுத்த மழைக்காலத்தையும் அவற்றோடு கடந்திருக்கிறேன்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். கூடுவாஞ்சேரியில் வீடு, எழும்பூர்ப் பக்கம் வேலை. காலை மின்சார ரயிலைப் பிடித்து ஏழு மணிக்கு உள்ளே நுழையும்போதே வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை எல்லாம் அனுப்பிவைத்த பிறகுதான் எங்களுக்குக் காலை உணவு. பத்து நிமிடம் கிடைக்கும், சில நாள் அதுவும் கிடைக்காது. ஆறிய இட்லி தொண்டையில் இறங்காது, பொங்கல் இறுகிவிடும், சப்பாத்தி சாப்பிட இரண்டு கையும் வேண்டும். குளிர்ந்தே சாப்பிட வேண்டிய, ஒரு கரண்டியால் முடித்துவிடக்கூடிய உணவுதான் எங்களைப் போன்றவர்களுக்குச் சரி. தயிரைவிட அதற்குப் பொருத்தமானது வேறென்ன இருக்கிறது?

பழத்தோடு அடுக்கிய தயிரைக் கடைகளில் பார்ஃபே என்ற பெயரில் சின்னக் கோப்பைகளில் விற்கிறார்கள். நான்கு வாயில் தீர்ந்துவிடும்; பழம் என்று இருப்பதில் பாதி சர்க்கரைப் பாகு. பசிக்கிற மனிதருக்கு அது போதாது. ஆகவே வீட்டில்தான் செய்ய வேண்டும். வீட்டில் செய்தால் பாத்திரம் முக்கியமாகிவிடுகிறது.

தோள் ஏன் ஆகாது என்பதைச் சொல்கிறேன். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இல்லாத தமிழ் வீடு அரிது. புளியும் பருப்பும் போட்டுவைக்க அதற்கு இணை கிடையாது. ஆனால் அதில் தயிரை அடுக்கினால், சாப்பிடும்போது கரண்டி நேராக மட்டுமே இறங்கும். தோளுக்கு அடியில் ஒதுங்கிய மாதுளையையும் அவலையும் வழித்தெடுக்க முடியாது. கழுவும்போது விரல் எட்டாத அதே வளைவில்தான் தயிரின் கொழுப்பு மெல்லிய படலமாகத் தங்கும். மறுமுறை உறையூற்றும்போது அந்தப் படலம் நமக்கு வேண்டாத புளிப்பையும் வாடையையும் கொடுக்கும். நுண்ணுயிரோடு வேலை செய்கிறவளுக்கு இது கண்ணுக்குத் தெரிகிற விஷயம்: கை போகாத இடம் சுத்தமாகாத இடம். நேர்ச்சுவர் ஜாடியில் என் நான்கு விரலும் அடிவரை போகின்றன. பிரஷ் தேவையில்லை, தேங்காய் நாரே போதும்.

திருகு மூடிக் கண்ணாடி ஜாடிக்கு அமெரிக்கர் ஜான் லாண்டிஸ் மேசன் 1858இல் காப்புரிமை வாங்கினார். இன்றும் அவர் பெயரில்தான் அந்த வகை ஜாடிகள் உலகெங்கும் விற்கின்றன. அவற்றில் இரண்டு வாய் அளவுகள் உண்டு. சாதாரண வாய் 70 மில்லிமீட்டர், அகல வாய் 86 மில்லிமீட்டர். பதினாறு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றலாம். சாதாரண வாய் ஜாடிக்குத் தோள் உண்டு. அகலவாய் ஜாடியின் அரை லிட்டர் அளவுக்குப் பெரும்பாலும் தோளே இருக்காது. இணையத்தில் வாங்குகிறவர்கள் படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் இந்த 86 என்ற எண் விவரத்தில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கொள்ளளவை 473 மில்லி என்று போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். அது அமெரிக்கப் பைண்ட் கணக்கு, நமக்கு அரை லிட்டர் என்றே வைத்துக்கொள்ளலாம்.

மேசன் ஜாடிகளோடு வருகிற இரண்டு துண்டு மூடி, அதாவது மேலே ஒரு தட்டையான தகடும் அதைப் பிடிக்கிற ஒரு வளையமும், ஊறுகாயையும் பழப்பாகையும் கொதிநீரில் வைத்துக் காற்றுப்புகாமல் அடைப்பதற்காக உண்டானது. தினமும் திறந்து மூடும் தயிருக்கு அது பொருந்தாது. தகட்டின் ஓரத்தில் பூச்சு உரிந்தால் தயிரின் புளிப்பு பட்டுத் துரு பிடிக்கும். ரயிலில் நின்றுகொண்டே திறக்கிறவருக்கு ஒரு துண்டு கையில், ஒரு துண்டு எங்கே என்ற தவிப்பு வேறு. கம்பிக் கொக்கி போட்டு மூடுகிற ரப்பர் வளைய ஜாடி வீட்டு அலமாரிக்கு அருமை. பையில் போட்டால் கொக்கி எதிலாவது மாட்டித் திறந்துகொள்ளும். என் கைக்குப் பிடித்தது ஒற்றைத் துண்டு மூடிதான்.

நான் வாங்கிய கடையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பாரிமுனையில் அந்தத் தெருவுக்குள் நுழைந்தால் தேன் பாட்டில், ஊறுகாய் பாட்டில், மசாலா பாட்டில் என்று தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. மொத்த வியாபாரம் என்றாலும் ஆறு எடுத்தால் தருகிறார்கள். கடையில் இருந்த பெரியவர் எதற்கு என்று கேட்டார். தயிர் கொண்டுபோக என்றேன். அவர் கையிலெடுத்த ஊறுகாய் பாட்டிலை அப்படியே திரும்ப வைத்துவிட்டு உள்ளே போய் நேர்ச்சுவர் ஜாடி ஒன்றைக் கொண்டுவந்தார். "பையில் படுத்துக்கிடக்குமா, நின்றுகொண்டிருக்குமா அம்மா?" என்றார். படுத்தும் கிடக்கும் என்றேன். ஜாடியில் பாதித் தண்ணீர் ஊற்றி, மூடியைத் திருகி, பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து அதன்மேல் தலைகீழாகக் கவிழ்த்தார். இன்னொரு வாடிக்கையாளருக்குச் சரக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, ஜாடியைத் தூக்கித் தாளைக் காட்டினார். தாளில் ஈரம் இல்லை. பிறகு மூடிக்குள் இருந்த வளையத்தை நகத்தால் நெம்பி எடுத்து, "இதை வாரம் ஒருமுறை கழற்றிக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாற்றம் எடுக்கும்" என்றார். ஜாடி ஒன்று 95 ரூபாய் மூடியோடு. ஆறையும் அவரே தாளில் சுற்றி, இடையில் அட்டை வைத்துக் கட்டிக்கொடுத்தார். விற்கிற பொருளை இப்படித் தெரிந்துவைத்திருப்பவரிடம் வாங்குவதில் ஒரு நிறைவு இருக்கிறது. அந்தத் தாள் சோதனையை எந்தக் கடையிலும் கேட்டுப் பார்க்கலாம்; செய்து காட்டத் தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம்.

இதற்கு முன்பு இணையத்தில் ஒரு செட் வாங்கியிருந்தேன். மூடிக்குள்ளேயே பருப்பு வகை போட்டுக்கொள்ளச் சின்னக் கிண்ணம் வைத்த மாதிரி. யோசனை நல்லது, செய்நேர்த்தி போதாது. கிண்ணத்தின் பிளாஸ்டிக் குளிரில் சுருங்கித் தயிரின் ஈரத்தை உள்ளே விட்டது. கடலை மதியத்துக்குள் பதத்துப்போயிற்று. இப்போது அந்த வேலையைச் சட்னி கொண்டுபோகிற சின்ன எவர்சில்வர் டப்பா செய்கிறது. அதற்குத் தனியாகச் செலவே இல்லை; எந்த வீட்டிலும் இரண்டு மூன்று கிடக்கும்.

ஜாடி ஆயிற்று, இனித் தயிர். அடுக்கு உணவு கெடுவதற்கு ஒரே காரணம் தண்ணீர். தயிர் தண்ணீர் விடும், பழம் தண்ணீர் விடும், தானியம் அதைக் குடித்துக் கூழாகும். எந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போய் நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் இரவு அடுக்கியது காலையில் அடுக்காகவே இருக்கும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தயிரை வடிகட்டுவது. ஆவின் ஆரஞ்சு பாக்கெட், அதாவது 6 சதவீதக் கொழுப்புள்ள பால், ஒரு லிட்டரை உறையூற்றி, மெல்லிய பருத்தித் துணியில் கட்டி, வடிதட்டின் மேல் வைத்துக் குளிர்பெட்டிக்குள்ளேயே நான்கைந்து மணி நேரம் விட்டால் ஏறக்குறைய பாதி அளவுக்குக் கெட்டித் தயிர் கிடைக்கும். வெளியே கொக்கியில் தொங்கவிடும் வழக்கம் குளிர் ஊர்களுக்கு. சென்னை வெயிலில் அது வடிவதற்குள் புளித்துவிடும். வடிந்த தயிரில் புரதம் சாதாரணத் தயிரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பசி தாங்குவதற்கு அதுதான் காரணம். வடிந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். பாலின் சுண்ணாம்புச்சத்தில் ஒரு பங்கு அதில் இருக்கிறது. சப்பாத்தி மாவை அதில் பிசைந்தால் மறுநாள்வரை மென்மையாக இருக்கும். ரசத்தில் புளியைக் குறைத்து அதை ஊற்றலாம்.

இரண்டாவது வழி எனக்கு அதிகம் பிடித்தது: ஜாடிக்குள்ளேயே உறையூற்றிவிடுவது. ரயில் பயணத்துக்குத் தயிர் சாதம் பிசையும்போது என் அம்மா பாலைத்தான் தாராளமாக விடுவார். தயிர் ஒரு கரண்டிதான். திருநெல்வேலி போய்ச் சேர்வதற்குள் அந்தப் பால் சோற்றோடு சோறாக உறைந்து, புளிக்காத தயிர் சாதமாக இருக்கும். அந்த வித்தையைத்தான் ஜாடிக்குள் கொண்டுவந்தேன். உறைந்த தயிரைக் கரண்டியால் அள்ளி இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றும்போது அதன் புரத வலை அறுந்து, பிடித்துவைத்திருந்த நீரை விட்டுவிடுகிறது. உறைந்த இடத்திலேயே இருக்கிற தயிருக்கு அந்த நிலை வருவதில்லை.

செய்முறை இது. பாலைப் பொங்கியதும் இறக்கிவிடாமல், அடுப்பைத் தணித்து இன்னும் பதினைந்து இருபது நிமிடம் கிளறிக்கொண்டே வைத்திருங்கள். இந்தச் சூட்டில் பாலின் மோர்ப்புரதம் விரிந்து, பாலின் முக்கியப் புரதமான கேசினோடு பிணைந்துகொள்கிறது. பின்னால் தயிர் நீர்விடாமல் கெட்டியாக நிற்பதற்கு இதுதான் அடித்தளம். பிறகு 43 டிகிரிவரை ஆறவிடுங்கள். என்னிடம் தெர்மாமீட்டர் இருப்பதால் அளக்கிறேன்; இல்லாதவர்களுக்குச் சுண்டுவிரல் போதும், சுடக் கூடாது, வெதுவெதுப்புக்குச் சற்று மேல். அரை லிட்டர் பாலுக்கு அரைத் தேக்கரண்டி உறைமோர். அதற்கு மேல் போட்டால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் புளிக்கவும் செய்யும். இந்தச் சூட்டில் கண்ணாடி வெடிக்கும் என்ற பயம் வேண்டாம். சாதாரணக் கண்ணாடிக்கு ஆகாதது கொதிக்கிற பாலும் குளிர்பெட்டியிலிருந்து அப்போதே எடுத்த ஜாடியும் சந்திப்பதுதான்.

தயிரை உறையவைக்கும் இரண்டு நுண்ணுயிர்களில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் முதலில் வேலையைத் தொடங்குகிறது. லாக்டோபேசில்லஸ் பின்னால் வந்து புளிப்பைக் கூட்டுகிறது. 42, 43 டிகிரியில் இரண்டுக்கும் சுகம். கோடையில் நான்கு மணி நேரத்துக்குள் ஜாடியைச் சாய்த்தால் தயிர் சுவரைவிட்டு அசையாமல் நிற்கும். அந்த நொடியில் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கட்டும் என்று விட்டால் காலையில் புளிப்பு வேறாக இருக்கும். நான் மாலை ஐந்துக்கு ஊற்றி, இரவுச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவும்போது உள்ளே வைக்கிறேன். மார்கழியில் ஒரு பழைய கம்பளியால் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைக்கிறேன். ஆறு மணி நேரம் ஆகும்.

ஜாடியில் உறையூற்றினால் அடியில் பச்சைப் பழம் போட முடியாது. அந்த வெதுவெதுப்பில் பழம் கெடும். சமைத்த அடுக்குதான் போட வேண்டும். விதை நீக்கிய பேரீச்சம்பழத்தை வெந்நீரில் ஊறவைத்து மசித்தது, அல்லது பொடியாக நறுக்கிய அன்னாசியைக் கருப்பட்டியோடு கொதிக்கவைத்துக் கெட்டியாக்கியது, இரண்டு தேக்கரண்டி. உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் அந்தப் புகைமணம் தயிரின் புளிப்போடு சேர்ந்து வருவதை வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒருமுறை செய்து பாருங்கள். அதை ஜாடியின் அடியில் பரப்பி, குளிர்பெட்டியில் பத்து நிமிடம் இறுகவைத்து, பிறகு ஜாடி அறைச் சூட்டுக்கு வந்ததும் பாலை ஒரு கரண்டியின் முதுகின் மேல் மெதுவாக வழியவிட்டால் அடுக்கு கலங்காது.

அன்னாசியைச் சமைக்கச் சொல்வது சுவைக்காக மட்டும் அல்ல. பச்சை அன்னாசியில் புரோமெலைன், பப்பாளியில் பப்பைன், கிவியில் ஆக்டினிடின். மூன்றும் புரதத்தைத் துண்டாடுகிற நொதிகள். இரவு முழுக்கத் தயிரோடு இருந்தால் தயிர் இளகி, கசப்புத் தட்டும். கொதிக்கவைத்தால் நொதி செயலிழந்துவிடும், பிறகு பயமில்லை. பச்சையாகத்தான் வேண்டும் என்றால் சாப்பிடுகிற நேரத்தில் மேலே போட்டுக்கொள்ளுங்கள்.

மற்றப் பழங்களில் என் முதல் மதிப்பெண் மாதுளைக்கு. ஒவ்வொரு முத்தும் தன் தோலுக்குள் தன் நீரை வைத்துக்கொண்டிருக்கிறது. பல் பட்டால்தான் விடும். மூன்றாம் நாள்கூடத் தயிரில் நிறம் இறங்காது. அடுத்தது கொய்யா. ஆயக்குடிப் பக்கமிருந்து வருகிற காய்ப்பதக் கொய்யாவை விதைப்பகுதி நீக்கி நறுக்கிப்போட்டால் காலைவரை மொறுமொறுப்பு இருக்கிறது. வாழைப்பழத்தில் மலைவாழையைத் தவிர வேறெதையும் நான் சேர்ப்பதில்லை. விருப்பாச்சி, சிறுமலைப் பழங்களின் சதை உலர்ந்த சதை. அதனால் நீர் விடுவதில்லை, மணமோ ஜாடியைத் திறந்தவுடன் வருகிறது. நறுக்கிய வாழை கறுப்பது காற்றுப்படுவதால். இரண்டு தயிர் அடுக்குகளுக்கு நடுவே முழுதாகப் புதைத்துவிட்டால் காலையில் மஞ்சளாகவே இருக்கும். இதற்கு வடிகட்டிய தயிர்தான் சரி. மாம்பழத்தில் பங்கனபள்ளி கட்டியாக நிற்கும். மல்கோவாவைச் சாறாகக் கருதி அடிக்கு அனுப்பிவிட வேண்டும். பன்னீர் திராட்சை எனக்கு உயிர், ஆனால் ரயிலில் விதை துப்ப முடியாது. தர்பூசணி வேண்டவே வேண்டாம். எந்தப் பழத்தின் மேலும் இரவில் சர்க்கரை தூவாதீர்கள். உள்ளே இருக்கிற நீரை அது வெளியே இழுத்துவிடும். இனிப்பு வேண்டுமென்றால் அடியில் இருக்கிற கருப்பட்டி போதும்.

தானியத்துக்கு எல்லோரும் ஓட்ஸைச் சொல்வார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆறேழு மணி நேரத்தில் நன்றாக ஊறிவிடும். எனக்கு நம் ஊர்ச் சிவப்பு அவல் பிடித்திருக்கிறது. கெட்டி அவல் வாங்க வேண்டும், மெல்லியது கரைந்துபோகும். வடிகட்டிய தயிரை அடுக்கும்போது அவலை உலர்ந்தபடியே அடியில் போடுகிறேன். மேலேயிருந்து கசிகிற நீரையெல்லாம் அது குடித்துக்கொள்கிறது. காலையில் அடியில் தேங்கிய நீருக்குப் பதிலாகப் பழத்தின் இனிப்பேறிய, கடிக்கக்கூடிய அவல். சியா விதை தன் எடையைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு நீரைப் பிடிக்கும் என்பதால் மாம்பழ அடுக்குக்கு அடியில் ஒரு தேக்கரண்டி தூவினால் போதும். கூடுதலாகப் போட்டால் வாய் முழுக்க வழவழப்பு.

மொறுமொறுப்பானவை சட்னி டப்பாவுக்கு. வறுத்த வேர்க்கடலை, முந்திரி, எள், கம்புப் பொரி. கம்புப் பொரியை ஒரு தேக்கரண்டி நெய்யில் புரட்டி, காய்ச்சிய கருப்பட்டிப் பாகில் ஒருமுறை பிரட்டி ஆறவைத்தால் நெய்ப்பூச்சு ஈரத்தைத் தள்ளிவைக்கும். தயிரில் கொட்டிய பிறகும் கடைசிக் கரண்டிவரை சத்தம் இருக்கும். என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். காலைச் சிறப்பு வகுப்புக்குச் சாப்பிடாமல் ஓடிக்கொண்டிருந்தவள், இந்தப் பொரிக்காகவே ஜாடியைக் கேட்டு வாங்கிப்போகிறாள். எனக்கு இந்த ஜாடிகள் மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்கு அது ஒரு முக்கியமான காரணம்.

இனிப்பு வேண்டாதவர்களுக்கும் ஜாடி உண்டு. ஊறவைத்துப் பிழிந்த அவலில் கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி அடியில் அழுத்தி, மேலே வடிகட்டிய தயிர், அதற்கு மேல் துருவிய கேரட், மறுபடி தயிர், உச்சியில் மாதுளை. உப்பு அவலில் மட்டும். கேரட்டிலோ வெள்ளரியிலோ உப்புப் பட்டால் நீர் கோத்துக்கொள்ளும். சட்னி டப்பாவில் பொரித்த மோர்மிளகாய் இரண்டு. எங்கள் கூடத்தில் என்னைவிட மூத்த ஒருவர், பழம் போட்ட ஜாடியைக் கையால்கூடத் தொடாதவர், இதை ஒரு வாய் எடுத்துக்கொண்டு, "இதைச் சொல்லியிருந்தால் நான் முதலிலேயே சாப்பிட்டிருப்பேனே அம்மா" என்றார். அவருக்கு இப்போது வெள்ளிக்கிழமைகளில் ஒரு ஜாடி என் பையில் வருகிறது.

சூட்டைப் பற்றி அக்கறையோடு ஒரு வார்த்தை. தயிர் புளிப்பானது, பாலைவிடத் தாக்குப்பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதோடு நறுக்கிய பழமும் ஊறிய தானியமும் சேர்ந்திருக்கின்றன. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது, வெளிச்சூடு 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம்தான் என்பது உணவுப் பாதுகாப்பில் உள்ள பொது விதி. சென்னையில் ஏப்ரலிலிருந்து செப்டம்பர்வரை அந்த ஒரு மணி நேரக் கணக்குத்தான் பொருந்தும். ஆகவே உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய சாப்பாட்டுப் பையும் உறையவைத்த ஐஸ் பேக்கும் இந்த ஜாடியின் விலையில் சேர்த்தி என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் பேக் இல்லையென்றால் கால் லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரவே உறையவைத்து ஜாடியோடு ஒட்டிவையுங்கள். மே மாத ரயிலில் இறங்கியதும் தெர்மாமீட்டரை ஜாடிக்குள் விட்டுப் பார்த்தேன். 9 டிகிரி காட்டியது. வேலையிடம் போனதும் ஓய்வறைக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுகிறேன். ரத்த மாதிரி வைக்கிற பெட்டியில் உணவு வைக்கவே கூடாது. எங்களைப்போன்ற இடங்களில் வேலை செய்கிறவர்கள் இதில் சமரசம் செய்துகொள்ள வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் வாரம் முழுவதற்கும் அடுக்கிவைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். என் நாக்கு அதை ஒப்புக்கொள்ளவில்லை. குளிரிலும் தயிரின் புளிப்பு மெல்ல ஏறிக்கொண்டேதான் இருக்கும். இரண்டு நாளைக்கு உண்டானதை அடுக்கிவைப்பது சரி. அதற்கு மேல் வேண்டுமென்றால் அடியடுக்குப் பாகையும் கம்புப் பொரியையும் மொத்தமாகச் செய்துவைத்துக்கொள்ளலாம். பழமும் தயிரும் அன்றன்றைக்கே.

இந்த ஜாடிகளிடம் உள்ள குறை கனம். காலியாகவே ஒவ்வொன்றும் கால் கிலோவைத் தாண்டும். நிரப்பி, ஐஸ் பேக்கும் வைத்தால் தோள்பை இழுக்கும். நெரிசல் ரயிலில் ஏறுகிறவர்கள், மூட்டுவலி உள்ளவர்கள் எவர்சில்வர் டப்பாவையே எடுத்துக்கொள்ளட்டும். அடுக்கு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதே சாப்பாடுதான். எவர்சில்வர் சீக்கிரம் குளிரும் என்ற நன்மையும் உண்டு. பிளாஸ்டிக்கில் ஜாடி வடிவிலேயே விற்கிறார்கள். இரண்டு மாதத்தில் கீறல் விழுந்து, கீறலில் புளிப்பு வாடை குடியேறும் என்பதால் நான் வாங்கச் சொல்லமாட்டேன். இன்னொன்று, ஆறு ஜாடியில் எல்லா மூடியும் ஒரேபோல் இறுகவில்லை. ஒரு மூடியில் திருகு சற்று வழுக்கியது. கடையில் சொன்னதும் பேசாமல் மாற்றிக்கொடுத்தார்கள்.

வளையத்தை வாரம் ஒருமுறை கழற்றி, சோடா உப்புக் கலந்த வெந்நீரில் ஊறவைத்து, நிழலில் நன்றாகக் காயவைத்துப் போடுகிறேன். ஈரத்தோடு மாட்டினால் ஓரத்தில் கரும்புள்ளி விழும். வளையம் தளர்ந்துவிட்டால் ஜாடியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. மூடி மட்டும் தனியாக 20 ரூபாய்க்கு அதே கடையில் கிடைக்கிறது. வாங்கும்போதே இரண்டு மூடி கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெரு பெரும்பாலும் அடைத்திருக்கும். வேலை நாளில், மதிய நெரிசலுக்கு முன் போனால் பெரியவர் நிதானமாக எடுத்துக் காட்டுவார்.